மாளிகைக்கு முன்னால் மதகைப் பாருங்கள்

சென்ற இதழில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரில் நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதையும், மகளுடன் போய் அதைப் பார்த்து வந்ததையும் நாலு வரியில் எழுதியிருந்தேன். அதைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. விதைச் சான்றளிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நெல்லைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: மகன் சார்லஸ்டனில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் மூன்று மாதம் அங்கே போய்த் தங்கப்போகிறோம். கணவர் விவசாயி. நீங்கள் எழுதிய அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப் போகலாமா? அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
— வாசகி, கும்பகோணம்

கட்டாயம் அழைத்துப் போங்கள் அம்மா. அங்கே வரும் பெரும்பாலானவர்களைவிட உங்கள் கணவருக்கு அந்த இடம் நன்றாகப் புரியும்.

சார்லஸ்டனிலிருந்து 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஜார்ஜ்டவுன் 1729-இல் உருவான ஊர். வக்கமா, பீ டீ, பிளாக், சாம்பிட் என்று நான்கு ஆறுகள் அங்கே வின்யா விரிகுடாவில் கலக்கின்றன; சற்றுத் தெற்கே சான்டி ஆறு கடலில் சேர்கிறது. ஆற்றங்கரையை ஒட்டிய கடைத்தெருவில் மணிக்கூண்டு வைத்த பழைய சந்தைக் கட்டடம் ஒன்று நிற்கும். அதுதான் அருங்காட்சியகம். 1970-இல் தொடங்கினார்கள். உள்ளே பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. வரைபடங்கள், கருவிகள், படங்கள், ஆண்டு முழுவதும் வயலில் நடந்த வேலையைப் பொம்மை அளவில் செய்து வைத்த மாதிரிக் காட்சிகள், இவ்வளவுதான். அவசரப்படுகிறவர்கள் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். நாங்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு நின்று பார்த்தோம்.

பக்கத்தில் இருக்கும் பழைய இரும்புக் கடைக் கட்டடமும் அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததுதான். அதன் மேல் தளத்தில் ஒரு சரக்குப் படகின் மரச் சட்டகம் இருக்கிறது. 1730-களைச் சேர்ந்தது. செங்கல் ஏற்றிப் போகும்போது பிளாக் ஆற்றில் மூழ்கிய அந்தப் படகை 1976-இல் வெளியே எடுத்தார்கள். சாலை சரியாக இல்லாத காலத்தில் சரக்கெல்லாம் ஆற்று வழியாகத்தான் போனது என்பதை அந்தப் பலகைகளைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம்.

போகும் முன் இரண்டு விவரங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1840-ஐ ஒட்டி, அமெரிக்கா முழுவதும் விளைந்த நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மாவட்டத்தில் விளைந்தது. 1860 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் அடிமைகள். அங்கே இருக்கும் ஒவ்வொரு கருவியையும் பார்க்கும்போது, இதைப் பிடித்த கை யாருடையது என்று கேட்டுக்கொண்டே நடங்கள். அந்தப் பாதி நெல்லை விளைவித்தவர்கள் இந்த 85 சதவீதம் பேர்தான்.

திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் மகனை விசாரிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சிற்றூர் அருங்காட்சியகங்கள் எல்லா நாளும் திறப்பதில்லை.

கேள்வி: அணை இல்லை, ஏரி இல்லை, கால்வாய்ப் பாசனம் இல்லை என்கிறீர்கள். கடலோர ஆற்றில் உப்புத் தண்ணீர்தானே வரும்? அதில் எப்படி நெல் போட்டார்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
— ஒரு விவசாயி, மன்னார்குடி

நல்ல கேள்வி ஐயா. இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

முதலில் அங்கே உள்நாட்டுச் சதுப்புகளில்தான் நெல் போட்டார்கள். ஓடையை மறித்துத் தண்ணீரைத் தேக்கி, வேண்டும்போது திறந்துவிடுவது. மழை பொய்த்தால் தண்ணீர் இல்லை, அதிகம் பெய்தால் கரை உடையும். 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மெல்ல மெல்ல ஆற்றோரத்துக்கு மாறினார்கள். அங்கேதான் கடல் ஓதத்தை, அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, வைத்துப் பாசனம் செய்யும் முறை பெரிதாக வளர்ந்தது.

கடலில் ஓதம் ஏறும்போது ஆற்று நீர் கடலுக்குள் போக முடியாமல் பின்வாங்கி மேலே உயரும். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. ஆகவே உப்பு அடியிலேயே தங்க, நல்ல தண்ணீர் அதன் மேல் ஏறி வரும். ஓதத்தின் வேகம் எட்டவேண்டும், உப்பு எட்டக்கூடாது. ஆற்றின் போக்கில் அப்படிப்பட்ட துண்டு நிலங்கள் சில மைல் நீளத்துக்குத்தான் அமையும். அந்த நிலத்துக்குத்தான் அவ்வளவு போட்டி. வறட்சிக் காலத்தில் ஆற்றில் வரத்து குறைந்து உப்பு மேலே ஏறிவிட்டால் அந்த வருஷப் பயிர் போய்விடும்.

அந்த நிலங்களில் பெரிய சைப்ரஸ் மரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றை வெட்டி, வேர்க்கட்டைகளைப் பிடுங்கி, ஆற்றை ஒட்டி ஆள் உயரக் கரை போட்டு, உள்ளே வாய்க்கால் வெட்டி வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். எல்லாம் மண்வெட்டியும் கோடாரியும் கூடையும் கொண்டு, இடுப்பளவு சேற்றில் நின்று, அடிமைப்பட்ட மனிதர்கள் செய்தது. பாம்பும் முதலையும் உள்ள சதுப்பு அது.

கரையின் அடியில் மதகு. மரப் பலகைகளால் செய்த நீளமான பெட்டி, இரண்டு முனையிலும் தூக்கி இறக்கும் கதவுகள். அங்கே அதை டிரங்க் என்கிறார்கள். தண்ணீர் வைக்க வேண்டுமா? ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கி வைத்தால் போதும். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே பாய்ந்து, வயல் பக்கக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொள்ளும். ஓதம் இறங்கும்போது வயல் தண்ணீரின் அழுத்தமே அந்தக் கதவைச் சாத்திவிடும். வடிக்க வேண்டுமென்றால் இதையே தலைகீழாகச் செய்வது. ஒரு நாளில் இரண்டு முறை ஓதம். இறைக்க ஏற்றமும் தேவையில்லை, மாடும் தேவையில்லை.

சொல்வதற்கு எளிது. செய்வதற்கு ஆற்றையும் நிலவையும் வாசிக்கத் தெரியவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் அதிகம் ஏறும். உப்பு வருகிறதா என்று பார்க்கவேண்டும், கரையில் நண்டு துளை போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதற்கென்றே பண்ணையில் ஒருவர் இருந்தார், மதகுக்காரர். அவரும் அடிமைதான். ஆனால் ஒரு வருஷ மகசூலே அவர் கணிப்பை நம்பி நின்றது.

பயிர் முறையும் உங்களுக்குப் பிடிக்கும். நாற்று விட்டு நடவில்லை, நேரடி விதைப்புதான். மார்ச், ஏப்ரலில் சால் பிடித்து விதைப்பார்கள். விதை மிதக்காமல் இருக்கக் களிமண் கரைசலில் புரட்டி, காலால் மிதித்துக் கலப்பார்கள். விதைத்ததும் தண்ணீர் கட்டி, முளை வந்ததும் வடிப்பது. பயிர் தலைகாட்டியதும் மறுபடி கொஞ்ச நாள் தண்ணீர். பிறகு வடித்துக் களைக்கொத்து. நடுவில் நீண்ட நாள் தண்ணீர் நிறுத்திக் களையையும் பூச்சியையும் மூழ்கடிப்பது. மறுபடி களை. கடைசியாகத் தண்டு சாயாமல் தாங்குவதற்காக அறுவடை வரை தண்ணீர். அறுப்புக்குச் சில நாள் முன் வடித்து, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அரிவாள்.

ஆளுக்கு ஒரு நாள் வேலை என்பது பெரும்பாலும் கால் ஏக்கர், அதாவது 25 சென்ட். களைக்கொத்துக்கு 25 சென்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை வெயிலில், நாள் தவறாமல், கூலி இல்லாமல் செய்தார்கள். முடித்தபின் மிச்ச நேரம் அவர்களுடையது என்பது ஏற்பாடு. அந்த நேரத்தில்தான் தங்கள் கொல்லையில் காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

இந்த மரப்பெட்டி மதகுகள் இன்றும் அந்தக் கடற்கரையில் இயங்குகின்றன. பழைய நெல் வயல்கள் பல இப்போது பறவைச் சரணாலயங்கள். வாத்துகளுக்காகத் தண்ணீரை ஏற்றி இறக்க அதே பெட்டிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். சார்லஸ்டனுக்கு மேற்கே கா கா என்ற இயற்கைப் பூங்காவில் பழைய கரை மேலேயே நடந்து போகலாம். என் மகள் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மதகு மதகாக நின்றேன்.

கேள்வி: ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு நெல் சாகுபடி முன்பே தெரியுமா? அல்லது அங்கே போய்த்தான் கற்றார்களா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பலருக்கு நன்றாகத் தெரியும் மகளே. நாம் பயிர் செய்வது ஆசிய நெல் இனம், ஒரைசா சடைவா. மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்று தனியாக ஒரு நெல் இனம் உண்டு, ஒரைசா கிளாபெரிமா. ஐரோப்பியர் போவதற்கு மிக முன்பே அங்கே மக்கள் அதைப் பயிரிட்டு வந்தார்கள். செனகல், கினியா, சியரா லியோன் கடற்கரைகளில் அலையாத்திக் காடுகளைத் திருத்தி, கரை போட்டு, குடைந்த மரத்தண்டைக் கரைக்கு அடியில் பதித்துத் தண்ணீரை வடித்தார்கள். அந்தக் கரையோரத்துக்கு ‘நெல் கடற்கரை’ என்றே பெயர் இருந்தது. சார்லஸ்டன் செய்தித்தாள்களில் 18-ஆம் நூற்றாண்டில் வந்த அடிமை விற்பனை விளம்பரங்கள், இவர்கள் நெல் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லியே விற்றன.

அதே சமயம் ஒன்றைச் சொல்லவேண்டும். கரோலினா நெல் முறை முழுவதும் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. கொண்டுவரப்பட்டவர்களில் நெல் தெரியாத அங்கோலாப் பகுதி மக்களும் ஏராளம், பண்ணையார்களும் தங்கள் பங்குக்குச் சோதனைகள் செய்தார்கள் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. எனக்கு அந்தச் சண்டையில் ஒரு கட்சி உண்டு. குதிகாலால் குழி போட்டு விதை தள்ளி மூடுவது, உரலில் குத்துவது, பின்னிய தட்டில் புடைப்பது எல்லாம் கடலின் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. வயலில் இறங்காத ஒருவர் அதைக் கற்றுக் கொடுத்திருக்க முடியாது.

புடைக்கும் தட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சார்லஸ்டனை அடுத்த மவுன்ட் பிளசன்ட்டில் நெடுஞ்சாலை ஓரமாக, வாசனைப் புல்லால் கூடை பின்னும் பெண்கள் கடை வைத்திருக்கிறார்கள். அடிமைகளாக வந்தவர்களின் வழிவந்த கல்லா மக்கள். ஒரு மூதாட்டியின் கடையில் அகலமான, ஆழம் குறைந்த தட்டு இருந்தது. அதை எடுத்துப் பதர் தள்ளுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டி வீசிப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து வாங்கி, தானும் வீசிக் காட்டினார். மணிக்கட்டைத் திருப்பும் இடம் அப்படியே ஒன்று. அதன் பிறகு இரண்டு பேரும் வெகு நேரம் நெல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மகள் மொழிபெயர்த்தது கொஞ்சம், கை பேசியது மிச்சம்.

முடிந்தால் பிரிசில்லாவைப் பற்றிப் படித்துப் பார். 1756-இல் சியரா லியோனிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட 10 வயதுப் பெண் குழந்தை. அவளை விற்ற கணக்கும் வாங்கிய நெல் பண்ணையின் பதிவேடும் மிஞ்சியதால், ஏழு தலைமுறைக்குப் பிறகு 2005-இல் அவள் வழிவந்த பெண் ஒருவர் சியரா லியோனுக்குத் திரும்பிப் போக முடிந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு ஊரும் தெரியாது, பெயரும் தெரியாது.

கேள்வி: பழைய பண்ணை மாளிகைகளில் இப்போது கல்யாணம் நடத்துகிறார்கள், ஓக் மரச்சாலையில் நின்று படம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். அப்படிப்பட்ட இடத்துக்கு நாம் போவது சரியா?
— வாசகர், மதுரை

போகலாம், போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாளிகையின் வெள்ளைத் தூண்களையும் பீங்கான் தட்டுகளையும் முதலில் பார்த்துவிட்டால், மிச்சம் எல்லாம் அதற்குப் பின்கட்டு மாதிரி ஆகிவிடும். மனம் மயங்கிவிடும், எனக்கும் கொஞ்சம் மயங்கியது. அந்த மரங்கள் உண்மையிலேயே அழகு. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வயல், அடுத்து மதகு, அடுத்து அடிமைக் குடியிருப்பு, கடைசியாக நேரம் இருந்தால் மாளிகை. வழிகாட்டியிடம் எத்தனை பேர் அடிமைகளாக இருந்தார்கள், அவர்கள் பெயர் தெரியுமா, எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த இடம் நல்ல இடம். கேள்வியைத் தட்டிக்கழித்து நாற்காலியின் வேலைப்பாட்டைக் காட்டினால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சான்டி ஆற்றங்கரையில் ஹாப்ஸீவீ என்ற பண்ணை வீட்டோடு பழைய அடிமைக் குடில்கள் இரண்டும் நிற்கின்றன. ஜார்ஜ்டவுனுக்குப் பக்கத்தில் மேன்ஸ்ஃபீல்ட் பண்ணையில் குடில் வரிசையோடு, கால் நட்டு உயரத்தில் கட்டிய தூற்றல் வீடும் இருக்கிறது. குத்திய நெல்லை மேலே தூக்கிப் போய், தரையில் இருக்கும் திறப்பு வழியாகக் கொட்டுவார்கள். விழும்போதே காற்று உமியை அடித்துக்கொண்டு போய்விடும்.

வடக்கே புரூக்கிரீன் தோட்டம் ரொம்பப் பிரபலம். 1931-இல் சிற்பத் தோட்டமாகத் தொடங்கியது. நான்கு நெல் பண்ணைகளைச் சேர்த்து வாங்கிய நிலம் அது. அதில் ஒன்றின் உரிமையாளர் ஜோஷுவா ஜான் வார்டு. 1850-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் அவருக்குச் சொத்தாக எழுதப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவில் வேறு யாரிடமும் அவ்வளவு பேர் இல்லை. சிற்பங்களைப் பார்த்துக் களைத்துப்போவதற்கு முன்பே பழைய வயல்வெளி ஓரமாகப் போகும் பாதையில் நடந்துவிடுங்கள்.

ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஃபிரெண்ட்ஃபீல்ட் நெல் பண்ணையில் அடிமையாக இருந்த ஜிம் ராபின்சன், மிஷெல் ஒபாமாவின் கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு தலைமுறை முந்திய முன்னோர், அதாவது தாத்தாவுக்குத் தாத்தா முறை. இதே ஊரில் 1832-இல் அடிமைக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ரெய்னி, 1870-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பர். இந்த ஊரை மாளிகைகளின் ஊர் என்று மட்டும் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கேள்வி: அவ்வளவு பெரிய நெல் விவசாயம் ஏன் அழிந்தது?
— வாசகர், ஈரோடு

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. அந்தச் சேற்றில், அந்த மலேரியாவில், பண்ணையார் கொடுக்க நினைத்த கூலிக்கு யார் இறங்குவார்கள்? மலேரியாவுக்குப் பயந்து பண்ணையார்களே மே மாதம் கிளம்பினால் பனி விழுந்த பிறகுதான் திரும்பி வருவார்கள். அப்புறம் லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சாஸ் பக்கம் கெட்டியான நிலத்தில் இயந்திரம் வைத்து நெல் போட ஆரம்பித்தார்கள். கரோலினா சேற்றில் இயந்திரம் புதைந்துவிடும். 1893, 1906, 1911 புயல்கள் கரைகளை உடைத்தன. உடைந்ததை மறுபடி போட ஆள் இல்லை, பணமும் இல்லை. சில ஆண்டுகளிலேயே வியாபாரச் சாகுபடி நின்றுபோனது.

கேள்வி: அந்தப் பழைய நெல் ரகம் இப்போது இருக்கிறதா? கொஞ்சம் விதை கொண்டுவந்து என் நிலத்தில் போட்டுப் பார்க்க ஆசை.
— இயற்கை விவசாயி, திருத்துறைப்பூண்டி

இருக்கிறது. கரோலினா கோல்ட் என்று பெயர். உமி பொன் நிறம், உள்ளே அரிசி வெள்ளை. கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்த ரகத்தை 1980-களில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற கண் மருத்துவர், அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதைச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் விதை வாங்கிப் பெருக்கி மீட்டார். இன்று சில பண்ணைகள் பயிரிட்டு விற்கின்றன. மகள் வீட்டில் சமைத்தோம். மணியாகவும் வடிக்கலாம், குழைவாகவும் விடலாம். குழம்பு ஊற்றிச் சாப்பிட எனக்குப் பிடித்தது.

ஆனால் விதையைப் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள் தம்பி. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். இது வெறும் காகித விவகாரம் இல்லை. ஒரு கைப்பிடி விதையோடு ஒரு நோயோ பூச்சியோ வந்தால் அது உங்கள் வயலோடு நிற்காது. இந்த விஷயத்தில் ஆசையை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: ஏழு வயதுப் பேரனுடன் போகிறோம். அடிமை முறையை அவனுக்கு எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?
— வாசகி, கோவை

சொல்லுங்கள். மழுப்பாமல், நீளமாக இல்லாமல். "இவர்களை ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து, சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கினார்கள், வீட்டுக்குப் போக விடவில்லை, அம்மாவிடமிருந்து குழந்தையைப் பிரித்து விற்றார்கள்" என்றால் ஏழு வயதுக்குப் புரியும். அது தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டியிராது, அவனே சொல்வான். நெல் பால் பிடிக்கும் சமயத்தில் கூட்டம் கூட்டமாகப் பறவை வந்து இறங்கும். அதைக் கத்தி விரட்ட அவன் வயதுப் பிள்ளைகளையும் வயலில் நிறுத்தினார்கள். அதையும் சொல்லுங்கள், மறக்க மாட்டான்.

சார்லஸ்டன் துறைமுகத்தில் அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற அதே இடத்தில், 2023-இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. அது பெரியது, கனமானது. பேரனுடன் என்றால் அதையும் ஜார்ஜ்டவுனையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அந்தப் புல் கூடை வாங்கலாமா? விலை அதிகம் என்கிறார்களே, பேரம் பேசினால் குறைப்பார்களா?
— வாசகி, சேலம்

வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். சிறிய கூடைக்கே பல மணி நேரம் ஆகும், பெரியது வாரக்கணக்கு. புல் வளரும் கடற்கரையெல்லாம் வீடும் விடுதியுமாகி, அதைத் தேடிப் பறிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. 2006-இல் இந்தக் கூடையை மாநிலத்தின் கைவினைப் பொருளாக அறிவித்தார்கள். பின்னியவரிடமே நேரில் வாங்கினால் பணம் அவர் கைக்குப் போகும். ஊர் திரும்பும்போது கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் நசுங்கும். காய்ந்த புல் பொருள் என்பதால் சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் காட்டிவிடுங்கள்.